வேலியோரச் சுக்கினி

புஸ்பவதிக்குக் கடிதம் எண்டாலே பயம். என்ன கடிதம், ஆர் போட்டது எண்டதெல்லாம் பிறகு. தபால்பெட்டிக்குள்ளை ஒரு உறை நீட்டிக்கொண்டு கிடந்தால் காணும், படியிலயே நிண்டிடுவாள். முப்பத்தாறு வருசமாய்க் கொலோனில இருக்கிறாள். ஜெர்மன் கடவுச்சீட்டு மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது. முதியோர் இல்லத்துச் சமையலறையில இருபத்திரண்டு வருசம் வேலை செய்து, அங்கையுள்ள கிழடுகள் இவள்தான் சூப் வைக்கவேணும் எண்டு சண்டை பிடிக்கிற அளவுக்குப் பேர் எடுத்தவள். எண்டாலும் கடிதம் வந்தால், திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டுதான் முதல் நினைப்பு. எங்கை அனுப்புறது, ஏன் அனுப்புறது எண்டு யோசிச்சால் அவளுக்கே சிரிப்பு வரும். ஆனால் பயம்தான் முதல் வரும், சிரிப்பு ஆறுதலாய் வரும்.

இந்தப் பயத்தைப் பழக்கின இடம் ஒண்டு இருந்தது. எண்பத்தொன்பதில அவள் வந்து இறங்கின அகதி விடுதி. அங்கை விசாரணைக்குப் போறவைக்கு, ஏற்கெனவே போய் வந்தவை ஒரே ஒரு புத்திதான் சொல்லுவினம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேக்காததை வாய் திறந்து சொல்லாதை. அதை விடுதியில எல்லாரையும் விடச் சத்தமாய்ச் சொல்லித் திரிஞ்சவர் தங்கராசா. அப்ப அவருக்கு முப்பத்தஞ்சு வயசு, கறுத்த மீசை. அந்தப் புத்தியால கன பேருக்கு விசா கிடைச்சது உண்மைதான். ஆனால் விசா கிடைச்ச பிறகும் ஒருத்தரும் அதை விடேல்லை. பள்ளிக்கூடத்து ரீச்சரிட்டை, வீட்டுக்காரனிட்டை, பல்லு டொக்டரிட்டை, எல்லாரிட்டையும் கேட்டதுக்கு மட்டும்தான் பதில்.

அவள் பயமில்லாமல் இருந்த இடம் எண்டால் அது தோட்டம் ஒண்டுதான். அடுக்குமாடியில இருக்கிற சனத்துக்கெண்டு ரயில் பாதையோரமாய் வேலி போட்டுப் பிரிச்சுக் குடுக்கிற தோட்டத்துண்டுகள் கொலோன் முழுக்க இருக்கு. ஒரு சங்கம் அதைப் பார்க்கும். ஆறு வருசம் பேர் பதிஞ்சு காத்திருந்து, நிப்பஸ் பக்கத்தில ஒரு துண்டு அவளுக்குக் கிடைச்சுது. ஒரு செர்ரி மரம், ஒரு சின்ன மரக்குடில், மிச்சமெல்லாம் புல்லு. ஒன்பது கோடைக்குள்ளை அதை என்ன பாடு படுத்தினாள் எண்டு பார்த்தால் நம்பமாட்டியள். ஜூன் மாதம் ஸ்ட்ரோபெரி சிவந்து கிடக்கும். அதுக்குப் பிறகு செர்ரி. பிறகு யொகானிஸ்பேரி எண்டு இஞ்சத்தைச் சனம் சொல்லுற, கொத்துக்கொத்தாய்த் தொங்கிற சின்னச் சிவப்புப் பழம். மற்றப் பக்கம் முழுக்கப் பூ. ரோசா, செவ்வந்தி, டாலியா, டாலியாவிலயே ஏழு நிறம். வெள்ளிக்கிழமையெண்டால் இரண்டு பை நிறையப் பூ கோயிலுக்குப் போகும். புஸ்பவதி வந்திட்டாளோ எண்டு ஐயர் கேக்கிறது அவளைப் பார்க்க இல்லை, பூவைப் பார்க்க எண்டு புருசன் உருத்திரமூர்த்தி பகிடி விடுவார். அவள் கணக்கெடுக்கமாட்டாள்.

பிறகு ஏப்ரலில ஒரு கடிதம் வந்தது.

சங்கத்துக் கடிதம். மகள் கவிசா வாசிச்சுச் சொன்னாள். தோட்டத்தில மூண்டிலொரு பங்கு பழமும் மரக்கறியும் இருக்கவேணும் எண்டது சட்டம், உங்கட துண்டில பூ கூடிப்போச்சு, ஓகஸ்டில வந்து பார்ப்பம், தயவுசெய்து சரிப்படுத்துங்கோ. அவ்வளவுதான். பயப்பிட ஒண்டுமில்லை அம்மா எண்டு கவிசா சொல்லி முடிக்கேக்குள்ளை, புஸ்பவதி சப்பாத்துப் போட்டு முடிச்சிட்டாள். அண்டைக்கே போய் இரண்டு வரிசை டாலியாக் கிழங்கைக் கிண்டி எடுத்தாள். அழுதுகொண்டுதான் கிண்டினாள். மே மாதம் குளிர் விட்ட கையோட, அந்த இடத்தில, பக்கத்துத் தோட்ட வேலியோரம் முழுக்க, பூசணி இனத்தில வெள்ளரிக்காய் மாதிரி நீளமாய்க் காய்க்கிற சுக்கினி நட்டாள். கடையில நாத்து வாங்கேல்லை. போன வருசம் தன்ர கொடியில முத்தவிட்டு, கழுவிக் காயவைச்சு, கடுதாசியில மடிச்சு வைச்சிருந்த விதை. எங்கட சனத்தில நல்ல காயைக் கண்டால் விதைக்கு விடாமல் ஆர் இருக்கிறது?

ஜூலை நடுப்பகுதியில முதல் இரண்டு காயும் வந்தது. கடும் பச்சை, வழமையில இல்லாத மாதிரி மெல்லிய மஞ்சள் கோடும் ஓடிக்கிடந்தது. புது வடிவு எண்டு அவளுக்குச் சரியான புளுகம், திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். ஒண்டின்ர நுனியில கத்தியால சீவி நாக்கில வைச்சுப் பார்த்தாள். கசப்பு. நல்ல கசப்பு. வேற ஆரும் எண்டால் துப்பிப்போட்டு எறிஞ்சிருப்பினம். புஸ்பவதிக்கோ சந்தோசம். பாவற்காயைத் தேங்காய்ப்பாலில காய்ச்சித் தின்னுற சனத்துக்குக் கசப்பு எண்டது மருந்து. சீனி வருத்தத்துக்கு இதைவிட நல்லது உண்டோ எண்டுதான் நினைச்சாள். உருத்திரமூர்த்தி பாவற்காயைக் கண்டால் தட்டைத் தள்ளிவைக்கிற ஆள். அப்ப இதை ஆருக்குக் குடுக்கிறது எண்டு யோசிக்கத் தேவையே இருக்கேல்லை.

தங்கராசா அண்ணைக்கு இப்ப எழுபத்தொண்டு. மீசை நரைச்சு, சீனி வருத்தம் வந்து, மனிசி செத்து நாலு வருசம். கொலோனின்ர கால்க் பகுதியில, இரண்டாம் மாடியில தனிய இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற வழியில இறங்கி, இரண்டு காயையும் ஒரு கொத்து யொகானிஸ்பேரியையும் குடுத்தாள்.

"கசக்குமண்ணை. உங்கட சீனிக்கு நல்லது. பொரிச்சுக் குழம்பு வையுங்கோ."

"எனக்கெண்டோ கொண்டந்தனீங்கள், தங்கச்சி?"

"பின்னை ஆருக்கு?"

அவர் காயை இரண்டு கையாலும் வாங்கினார். அவளுக்குப் பூசைக்கு நேரம் போட்டுது. உள்ளுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட நிக்கேல்லை.

சனிக்கிழமை காலமை தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கேக்குள்ளை, பக்கத்துத் தோட்டத்து கெஸ்லர் அம்மா வேலிக்கு வந்தா. எழுபது வயசு, ஆண்பிள்ளைத் தொப்பி, செடியைத் தவிர வேற கதையில்லை. மூண்டாவது காயைப் பார்த்திட்டு, இந்தக் கோடு எப்பிடி வந்தது எண்டு கேட்டா. என்ர சொந்த விதை எண்டு புஸ்பவதி பெருமையாய்ச் சொன்னாள். கெஸ்லர் அம்மாவின்ர முகம் மாறிச்சுது.

"போன வருசம் நான் இந்த வேலியிலதானே, சும்மா வடிவுக்கு வைக்கிற, தின்னக்கூடாத அலங்காரப் பூசணி விட்டனான். ஃபிராவ் புஸ்பா, தேனீக்கு வேலி தெரியாது. உம்மட விதை கலந்திருக்கும். நீர் இதைச் சாப்பிட்டீரோ?"

"இல்லை."

கேட்டதுக்குப் பதில். அதோட நிப்பாட்டினாள்.

கெஸ்லர் அம்மா காயைப் பிடுங்கி, ஒரு துண்டு கடிச்சு, அந்த நிமிசமே துப்பினா. குழாயைத் திறந்து மூண்டு தரம் வாய் கொப்பளிச்சா. பிறகு சொன்னா. சுக்கினி கசந்தால் அது நஞ்சு. அவிச்சாலும் பொரிச்சாலும் போகாது. வெயில் கூடின வருசம் இன்னும் மோசம். வயசான ஆக்கள் இதால செத்திருக்கினம். இந்த நாட்டில இதை எல்லாத் தோட்டக்காரரும் அறிஞ்சிருக்கினம், கசந்தால் உடனை துப்பிப்போடுவினம்.

புஸ்பவதிக்குக் கையில இருந்த குழாய்த்தண்ணி சப்பாத்துக்குள்ளை ஓடினதும் தெரியேல்லை. துப்பிப்போடுவினம். எங்கட ஆக்கள் துப்பாயினம். எங்கட ஆக்கள் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளுவினம்.

"ஆருக்கும் குடுத்தீரோ?" எண்டு கெஸ்லர் அம்மா கேட்டா.

அந்தக் கேள்விக்கு ஓம் எண்டு சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். போனை எடுத்து தங்கராசா அண்ணைக்கு அடிச்சாள். மணி போய்ப் போய் நிண்டுது. திருப்பி அடிச்சாள். எடுக்கேல்லை. உடனை அவசர இலக்கம் 112-க்கு அடிப்பம், நான் கதைக்கிறன் எண்டு கெஸ்லர் அம்மா சொன்னா. அப்பதான் புஸ்பவதி அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"அவர் சனிக்கிழமையில நேரஞ்செண்டுதான் எழும்புறவர். நான் போய்ப் பார்க்கிறன். கிட்டத்தான்."

கிட்ட இல்லை. இரண்டு ட்ராம் மாறவேணும். கெஸ்லர் அம்மா அந்தக் காயை ஒரு பையில போட்டு, டொக்டருக்குக் காட்டும் எண்டு கையில திணிச்சுவிட்டா.

இரண்டாவது ட்ராமில ஏறி இருந்தாள். மடியில பை. அதுக்குள்ளை காய். எதிரை இருந்த பொம்பிளை சும்மா பார்த்ததுக்கே, பையை இழுத்துக் காலுக்குக் கீழ வைச்சாள். 112-க்கு அடிச்சால் என்ன கேப்பினம்? பேர் கேப்பினம். ஆர் குடுத்தது எண்டு கேப்பினம். பிறகு பொலிஸ். பிறகு சங்கம். பிறகு கோயிலில, பூக்காரப் புஸ்பவதி தங்கராசாவுக்கு நஞ்சு குடுத்தவளாம் எண்டு கதைப்பினம். இப்பிடியே யோசிச்சு யோசிச்சு மூண்டு தரிப்பிடம் போன பிறகுதான், தான் இவ்வளவு நேரமும் யோசிச்சது தன்னைப் பற்றித்தான் எண்டது அவளுக்கு உறைச்சது. அங்கை ஒரு மனிசன் கிடந்து சாகிறாரோ தெரியாது, இவள் தன்ர பேருக்குப் பயந்து கிட்டத்தான் எண்டு பொய் சொல்லிப்போட்டு ட்ராமில இருக்கிறாள். வெக்கமாய்ப் போச்சு. போனை எடுத்தாள். விரல் வழுக்கி இரண்டு தரம் பிழையாய் அமத்தினாள். அதுக்குள்ளை கால்க் வந்திட்டுது, இறங்கி ஓடினாள்.

இரண்டாம் மாடியில மணி அடிச்சாள். கதவில குத்தினாள். "அண்ணை, அண்ணை" எண்டு கூப்பிட்டாள். கீழ் வீட்டுத் துருக்கிப் பொம்பிளை படியில ஏறி வந்து, விடிய அஞ்சு மணிக்கு அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போட்டுது, கனக்க வாந்தி எடுத்தவர் எண்டு சொன்னா. எந்த ஆஸ்பத்திரி எண்டும் அவதான் சொன்னா. புஸ்பவதி நன்றி சொன்னாளோ இல்லையோ எண்டது அவளுக்கே ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில, நீங்கள் அவருக்கு ஆர் எண்டு கேட்டினம். தங்கச்சி எண்டாள். முப்பத்தாறு வருசமாய் அவர் அப்பிடித்தான் கூப்பிடுறவர், அதில பொய் ஒண்டுமில்லை.

தங்கராசா கட்டிலில சுருண்டு கிடந்தார். உதடு வெடிச்சு, கண் உள்ளுக்குப் போய், கையில சேலைன். ஒரு நாளில இப்பிடியும் ஒரு மனிசன் வத்துமோ எண்டு பார்த்துக்கொண்டே கட்டிலுக்குக் கிட்டப் போனாள். பக்கத்தில ஒரு இளம் டொக்டர் பொம்பிளை ஏதோ எழுதிக்கொண்டு நிண்டா. வெக்கையோட பரவுற வயித்துக் கிருமியாய் இருக்கும், சேலைன் ஏத்தினால் சரி, பின்னேரம் வீட்டை அனுப்பலாம் எண்டு சொன்னா. புஸ்பவதி கட்டிலடியில குனிஞ்சாள்.

"அண்ணை, அந்தக் காயைச் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"பழுதான சாப்பாடு ஏதும் சாப்பிட்டியோ எண்டு கேட்டவை. இல்லை எண்டன். காய் பழுதில்லைத்தானே." மூச்செடுத்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். "கேட்டதுக்குச் சொன்னன்."

"அண்ணை, அது நஞ்சண்ணை."

"தெரியும்." கண்ணை மூடினார். "முதல் வாயிலயே விளங்கிச்சுது, அது பாவற்காய்க் கசப்பில்லை. நீங்கள் சும்மா இருங்கோ, தங்கச்சி. விசாரிப்பினம். பேந்து உங்கட தோட்டத்தையும் பறிச்சுப் போடுவாங்கள். எனக்கு இது நிண்டிடும்."

புஸ்பவதி கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். இந்த மனிசன் குடல் கழண்டு கிடக்கிறார், கிடந்துகொண்டு இவளைக் காப்பாத்துறாராம். வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால் பின்னேரம் வீட்டை விடுவினம். விட்டால், இரண்டாம் மாடியில தனிய. அங்காலை யோசிக்க அவளாலை ஏலாமல் போச்சு. டொக்டர் கதவடிக்குப் போயிட்டா. அவ ஒண்டும் கேக்கேல்லை. கேக்காத இடத்தில புஸ்பவதி வாய் திறந்தது அதுதான் முதல்தரம்.

"நில்லுங்கோ. நான்தான் குடுத்தது."

பையிலிருந்து காயை எடுத்து, சாப்பாட்டு மேசையில வைச்சாள். ஜெர்மன் முழுக்கத் தடக்கிச்சுது. என்ர தோட்டம், என்ர விதை, நேற்று நான் குடுத்தனான், கசப்பு நல்லது எண்டு நான்தான் சொன்னனான், நஞ்சு எண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சனான். ஒண்டையும் விடேல்லை. கெஸ்லர் அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டு ட்ராமில வந்ததைக்கூடச் சொன்னாள், அதை ஆரும் கேப்பினமோ. பிறகு கையை முன்னாலை கோர்த்துக்கொண்டு நிண்டாள். பேர் கேப்பினம், பிடிப்பினம் எண்டு நிண்டாள்.

டொக்டர் காயைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, எழுதினதை மறுபடி பார்த்தா. இரத்தத்தில சிறுநீரகக் கணக்கு ஏறிக்கிடந்தது சீனி வருத்தத்தாலை எண்டு நினைச்சவவாம். ஓடிப்போய் நஞ்சுத் தகவல் நிலையத்துக்குப் போன் எடுத்தா. பத்து நிமிசத்தில அவரை வேற அறைக்கு, வயர் பூட்டிற கட்டிலுக்கு மாத்திச்சினம். போற போக்கில டொக்டர் புஸ்பவதியின்ர தோளில கையை வைச்சு, நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போச்சு, வேற ஆருக்கும் குடுத்திருந்தால் இப்பவே சொல்லுங்கோ எண்டா. அவ்வளவுதான். அவளின்ர பேரைக்கூட ஒருத்தரும் கேக்கேல்லை.

தங்கராசா இரண்டு நாள் மோசமாய்த்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வயித்தாலை இரத்தமும் போச்சுது. வீட்டை விட்டிருந்தால் எண்டு டொக்டர் தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டா. கவிசா வந்தாள், உருத்திரமூர்த்தி வந்தார், புஸ்பவதி அசையேல்லை. திங்கட்கிழமைதான் தங்கராசா கண்ணை முழிச்சு வடிவாய்க் கதைச்சார். அவளுக்கு அப்பதான் கோவம் வந்தது.

"முதல் வாயிலயே தெரிஞ்சால் எறியாமல் ஏன் முழுக்கத் திண்டனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ?"

தங்கராசா முகட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மனிசி போனாப் பிறகு, எனக்கெண்டு ஆரும் ஒரு சாமான் கொண்டு வந்ததில்லை, தங்கச்சி. அதை எப்பிடிக் குப்பையில போடுறது?"

வாசலிலயே குடுத்திட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமை புஸ்பவதிக்கு ஞாபகம் வந்தது. உள்ளுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிருக்கலாம். முகத்தை மறுபக்கம் திருப்பி அழுதாள்.

எட்டாம் நாள் அவரை வீட்டை அனுப்பிச்சினம். அவள் வேலியோரச் சுக்கினி எல்லாத்தையும் வேரோட பிடுங்கி, கெஸ்லர் அம்மா பார்த்துக்கொண்டு நிக்கக் கட்டி எறிஞ்சாள். மடிச்சு வைச்ச விதையையும் எறிஞ்சாள். ஓகஸ்டில சங்கத்து ஆள் அளவுநாடாவோட வந்து, அந்த வெறும் நிலத்தைப் பார்த்து, இஞ்சை என்ன எண்டு கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் தலையைச் சொறிஞ்சு, வாற வருசம் கடை விதையாய்ப் போடுங்கோ எண்டு எழுதிக்கொண்டு போனார்.

தோட்டம் போகேல்லை. ஆனால் புஸ்பவதிக்குக் குடுக்கிற கை விட்டுப்போச்சு. பழம் கிளையிலயே கிடந்து வாடிச்சுது. கோயிலுக்குப் பூ மட்டும் போச்சுது, பூவை ஒருத்தரும் தின்னாயினம் எண்ட துணிவில. ஓகஸ்ட் கடைசியில தங்கராசா ஊண்டுகோலோட இரண்டு ட்ராம் மாறித் தோட்டத்துக்கு வந்தார். செர்ரி மரத்துக்குக் கீழ கதிரையில இருந்து, கடைசிக் கொத்து யொகானிஸ்பேரியைப் பார்த்து, உதைக் கொண்டாங்கோவன் எண்டார். அவள் மாட்டன் எண்டாள். அவர் கையை நீட்டினபடியே இருந்தார். கடைசியில ஒரு கோப்பையில பிடுங்கி, கழுவி, முதல் தான் நாலைஞ்சு பழம் வாயில போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிசம் நிண்டாள். அவர் பொறுத்துக்கொண்டு இருந்தார். பிறகுதான் கோப்பையை நீட்டினாள்.

தங்கராசா ஒரு பழத்தை வாயில போட்டுக் கடிச்சார். முகத்தைச் சுழிச்சார்.

"சரியாய்ப் புளிக்குது, தங்கச்சி" எண்டார்.

எப்பிடி இருக்குது எண்டு அவள் கேக்கவேயில்லை.